கோர்ட்டில் பேச முடியாமல் வெளியேறிய வக்கீல்: காந்திக்குத் தன்னம்பிக்கை எப்படி வந்தது?

திங்கட்கிழமை காலை மீட்டிங். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மூன்று நாளாகத் தயார் செய்த விஷயம்தான். ஆனால் எழுந்து நின்றதும் தொண்டை அடைக்கிறது, முதல் வரியே மறந்து போகிறது. எப்படியோ நாலு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்து விடுகிறீர்கள். அன்று முழுக்க மண்டைக்குள் ஒரே கேள்வி: இந்த வேலை நமக்கு செட் ஆகுமா?

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? அப்படியென்றால் சுமார் 130 வருஷத்துக்கு முன்னால் பம்பாயில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

லண்டனில் படித்து பாரிஸ்டர் பட்டம் வாங்கிய ஓர் இளைஞர். வயது இருபத்திரண்டைத் தாண்டவில்லை. பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றத்தில் அவருக்கு முதல் கேஸ். ஃபீஸ் 30 ரூபாய். பெரிய சிக்கல் இல்லாத வழக்கு. ஒரே நாளில் முடிந்துவிடும். பிரதிவாதி தரப்பில் அவர் ஆஜராகிறார். எதிர்தரப்பு சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நிற்கிறார். தலை சுற்றுகிறது. கோர்ட்டே சுற்றுவது போல இருக்கிறது. கேட்க ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்து விடுகிறார். தன்னால் முடியாது, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று கட்சிக்காரரின் ஏஜெண்டிடம் சொல்லி, வாங்கிய ஃபீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார். 51 ரூபாய் கொடுத்து வேறொரு வக்கீலை அமர்த்தினார்கள். கேஸ் ஜெயித்ததா தோற்றதா என்றுகூட இவருக்குத் தெரியாது.

அந்த இளைஞரின் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

மகாத்மா ஆன பிறகான காந்தியை நமக்கெல்லாம் தெரியும். பாடப் புத்தகத்திலும் ரூபாய் நோட்டிலும் பார்த்து வளர்ந்திருக்கிறோம். ஆனால் கோர்ட்டிலிருந்து வெட்கத்தோடு வெளியேறிய அந்த இளைஞர், சில வருஷங்களிலேயே ஒரு சமூகத்தின் குரலாக எப்படி மாறினார்? நடுவில் என்ன நடந்தது? வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி அதுதான்.

இருட்டுக்குப் பயந்த பையன்

1869 அக்டோபர் 2-ஆம் தேதி போர்பந்தரில் பிறந்தார். அப்பா திவான். வீட்டில் வசதிக்கும் மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் பையனுக்குப் பயம் அதிகம். பேய்ப் பயம், பாம்புப் பயம், திருடன் பயம். விளக்கில்லாமல் தூங்க மாட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடிவந்து விடுவார். நின்றால் யாராவது பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிடுவார்களோ என்ற பயம்.

படிப்பிலும் பெரிய புலி இல்லை. 1888-ல் பாவ்நகர் சமல்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். பாடங்கள் புரியவில்லை. ஒரே டெர்மில் வீடு திரும்பினார். அப்போதுதான் குடும்பத்துக்கு வேண்டிய ஒருவர், லண்டனுக்கு அனுப்பி பாரிஸ்டர் படிக்க வைக்கலாமே என்று யோசனை சொன்னார். அண்ணன் பணம் புரட்டினார். 1888 செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார் காந்தி. அப்போது அவருக்கு 18 வயது. ஊரில் மனைவி கஸ்தூர்பாவும் கைக்குழந்தையும்.

மூன்று பவுண்டு வயலின்

லண்டனில் இறங்கியதும் அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஜென்டில்மேன் ஆக முயற்சி செய்தார். விலை உயர்ந்த சூட்டும் பட்டுத் தொப்பியும் வாங்கினார். கண்ணாடி முன்னால் நின்று டை கட்டவும் தலை சீவவும் தினமும் நேரம் செலவழித்தார். நடன வகுப்புக்கு மூன்று பவுண்டு கட்டினார். பியானோ தாளத்துக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. சரி, தாளம் பிடிபட வயலின் கற்கலாம் என்று இன்னொரு மூன்று பவுண்டுக்கு வயலின் வாங்கினார். மேடையில் பேசக் கற்றுத்தரும் ஓர் ஆசிரியரிடமும் சேர்ந்தார்.

மொத்தம் ஏறக்குறைய மூன்று மாதம். அப்புறம் தனக்கே உறைத்தது. இங்கிலாந்திலேயே வாழ்நாளைக் கழிக்கப் போகிறோமா என்ன? படிக்கத்தானே வந்தோம்? வயலினை விற்றார், வகுப்புகளை நிறுத்தினார்.

தன்னம்பிக்கை உள்ளவர்கள் எப்படி இருப்பார்களோ அப்படித் தோற்றமளித்தால் போதும், தன்னம்பிக்கை தானாக வந்துவிடும் என்ற நினைப்பு இன்றும் நமக்கு உண்டு. நல்ல பிளேசர், ஸ்டைலான இங்கிலீஷ், பேச்சுப் பயிற்சி கோர்ஸ். இவை தப்பில்லை. ஆனால் காந்திக்கு இந்த வழி வேலை செய்யவில்லை.

அடுத்து அவர் செய்தவை ரொம்பச் சாதாரணமானவை. தினசரி செலவைப் பைசா சுத்தமாக எழுதி வைத்தார். வண்டிக் காசை மிச்சம் பிடிக்க நடந்தார். ஒரு நாளைக்கு எட்டு, பத்து மைல். லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதினார். லத்தீன் பாடத்தில் ஃபெயில். மறுபடியும் படித்து, அடுத்த முயற்சியில் பாஸ் செய்தார். அன்றைய பாரிஸ்டர் தேர்வுகளை நோட்ஸ் படித்தே ஊதித் தள்ளிவிடலாம். பலரும் அதைத்தான் செய்தார்கள். காந்தி மூலப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கினார். ரோமானியச் சட்டத்தை லத்தீனிலேயே படித்தார். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்துக்கு மட்டும் ஒன்பது மாத உழைப்பு.

ஆனால் பேச்சு மட்டும் வரவே இல்லை. சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார். கூட்டங்களில் வாயே திறக்க மாட்டார். ஒருமுறை, கருத்து வேறுபாட்டுக்காக ஓர் உறுப்பினரைச் சங்கத்திலிருந்து நீக்கப் பார்த்தார்கள். அது நியாயமில்லை என்று காந்திக்குப் பட்டது. வாதத்தை எழுதிக் கொண்டு போனார். ஆனால் எழுந்து வாசிக்கத் தைரியம் வரவில்லை. வேறொருவர்தான் அதை வாசித்தார்.

1891 ஜூன் 10-ஆம் தேதி பாரிஸ்டர் ஆனார். 12-ஆம் தேதி ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். பம்பாயில் இறங்கியபோதுதான், தான் லண்டனில் இருந்த நேரத்திலேயே அம்மா இறந்துவிட்டார் என்ற செய்தியை அண்ணன் சொன்னார்.

பட்டம் இருந்தது, வேலை இல்லை

இங்கிலாந்துச் சட்டம் தெரியும். ஆனால் இந்தியச் சட்டம்? இந்து, முஸ்லிம் தனிநபர் சட்டங்கள்? எதுவும் தெரியாது. ஒரு மனு எழுதக்கூடப் பழக்கமில்லை. கல்லூரியில் படித்ததற்கும் ஆபீஸில் கேட்பதற்கும் சம்பந்தமே இல்லையே என்று முதல் வேலையில் நீங்கள் திகைத்திருப்பீர்கள் இல்லையா? அதே கதைதான்.

பம்பாய் ஹைகோர்ட்டுக்குத் தினமும் நடந்தே போய் உட்கார்ந்திருப்பார். வாதங்கள் புரியாமல் பல நாள் தூங்கியும் போயிருக்கிறார். அந்த நாட்களில்தான் முதல் கேஸும், தலைசுற்றலும், திருப்பிக் கொடுத்த 30 ரூபாயும். அதற்குப் பிறகு பம்பாயில் இருந்தவரை கோர்ட்டில் வாதாட எழவில்லை.

ஒரு பள்ளியில் இங்கிலீஷ் ஆசிரியர் வேலைக்கு விளம்பரம் வந்தது. தினம் ஒரு மணி நேரம், சம்பளம் 75 ரூபாய். விண்ணப்பித்தார், நேரிலும் போனார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாரிஸ்டருக்கு வாத்தியார் வேலைகூடக் கிடைக்கவில்லை.

அந்த இருட்டிலும் ஒரு சின்ன வெளிச்சம். போர்பந்தரில் நிலத்தைப் பறிகொடுத்த ஓர் ஏழை முஸ்லிம், மனு எழுதித் தரச் சொல்லி வந்தார். ஜெயிக்கும் வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் அச்சுச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தார். அதை நண்பர்களிடம் வாசித்துக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றார்கள். பேச வராவிட்டால் என்ன, எழுத வருகிறதே என்று அப்போதுதான் முதல்முறையாக அவருக்குத் தோன்றியது.

கையில் காசு கரைந்தது. பம்பாய் வீட்டைக் காலி செய்து ராஜ்கோட் திரும்பினார். அங்கே மனு எழுதும் வேலையிலேயே மாதம் சராசரியாக 300 ரூபாய் வந்தது. ஆனால் அந்த வேலையெல்லாம் பெரும்பாலும் அண்ணனின் செல்வாக்கால் வந்தது. அது அவருக்கும் தெரியும். ஒருமுறை அண்ணனுக்காக பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரிடம் சிபாரிசுக்குப் போய், பியூனால் வெளியே தள்ளப்பட்டார். இந்த ஊரில் தனக்கு எதிர்காலம் இல்லை என்று முடிவு செய்தார்.

புரோநோட்டு என்றால் என்ன?

அந்த நேரத்தில்தான் தென்னாப்பிரிக்காவில் வியாபாரம் செய்த தாதா அப்துல்லா நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு வருஷ வேலை, மொத்தச் சம்பளம் 105 பவுண்டு, முதல் வகுப்பில் போய்வர டிக்கெட். பாரிஸ்டர் அந்தஸ்துக்கு ஏற்ற வேலை இல்லை. கிட்டத்தட்ட கம்பெனி உதவியாளர் மாதிரிதான். ஆனாலும் 1893 ஏப்ரலில் கிளம்பிவிட்டார்.

டர்பன் போய் இறங்கினால், அங்கே காத்திருந்தது 40,000 பவுண்டு வழக்கு. உறவினர்களான இரண்டு வியாபாரிகளுக்கு இடையிலான தகராறு. முழுக்க முழுக்கக் கணக்கு விவகாரம். பற்று, வரவு எதுவும் இவருக்குப் புரியவில்லை. குமாஸ்தாக்கள் வாயில் அடிக்கடி வரும் ஒரு சொல் இவரைக் குழப்பியது. அகராதியில் தேடினார், இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுவிட்டு ஒரு குமாஸ்தாவிடமே கேட்டார். நம்ம ஊரில் புரோநோட்டு என்கிறோமே, அதுதான் அது.

லண்டன் பாரிஸ்டருக்குப் புரோநோட்டு தெரியவில்லை! வேறு யாராக இருந்தாலும் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். காந்தி கடைக்குப் போய் கணக்குப் பதிவு பற்றி ஒரு புத்தகம் வாங்கி, உட்கார்ந்து படித்தார். அதைப் படித்த பிறகுதான் கொஞ்சம் தன்னம்பிக்கை வந்தது, வழக்கும் புரிந்தது என்று பின்னாளில் தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பட்டுத் தொப்பியும் நடன வகுப்பும் கொடுக்காத ஒன்றை, ஒரு கணக்குப் புத்தகம் கொடுத்தது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கேட்டு, படித்து, கையிலிருக்கும் வேலையைப் புரிந்துகொண்ட பிறகு வந்த நம்பிக்கை அது.

வழக்குக்காக பிரிட்டோரியா போகும் வழியில்தான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் அந்தச் சம்பவம். 1893 ஜூன் 7. முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும் நிறத்துக்காகக் கீழே தள்ளப்பட்டார். குளிரில் நடுங்கியபடி இரவைக் கழித்தார். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றும் யோசித்தார். எடுத்த வேலையை முடிக்காமல் போவது கோழைத்தனம் என்று பயணத்தைத் தொடர்ந்தார்.

பிரிட்டோரியாவில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, முதல் மேடைப் பேச்சு. அங்குள்ள இந்தியர்களை ஒரு வீட்டில் கூட்டி, வியாபாரத்தில் நேர்மை பற்றிப் பேசினார். நன்றாகத் தயார் செய்துகொண்டு போனார்; சமாளித்துவிட்டார். கூட்டத்துக்கு வந்தவர்களில் இங்கிலீஷ் கற்க விரும்பியவர்களுக்குத் தானே சொல்லித் தருவதாகச் சொன்னார். முடிதிருத்துபவர், குமாஸ்தா, சிறு கடைக்காரர் என மூன்று பேர் முன்வந்தார்கள். அவர்கள் இடத்துக்கே போய் எட்டு மாதம் சொல்லிக் கொடுத்தார்.

இரண்டாவது, வழக்கு. குஜராத்தியில் இருந்த கடிதங்களையும் கணக்குகளையும் அவர்தான் மொழிபெயர்த்தார். ஒவ்வொரு தாளையும் படித்தார். வழக்கின் விவரங்கள் இரு தரப்பு வியாபாரிகளைவிட தனக்கு நன்றாகத் தெரியும் என்ற நிலைக்கு வந்தார். அவர் தரப்புக்குச் சாதகமாகவே எல்லாம் இருந்தது. ஆனால் கேஸ் இழுத்தால் இரண்டு பேரும் வக்கீல் செலவிலேயே அழிந்துவிடுவார்கள் என்று தெரிந்ததும், நடுவர் முன் தீர்த்துக்கொள்ளச் செய்தார். தாதா அப்துல்லாவுக்கு 37,000 பவுண்டும் செலவுத் தொகையும் கிடைத்தது. தோற்றவர் திவாலாகாமல் இருக்க, பல தவணைகளில் வாங்கிக்கொள்ளும்படி தன் கட்சிக்காரரைச் சம்மதிக்க வைத்தார்.

பம்பாயில் 30 ரூபாய் வழக்கில் வாய் திறக்காதவர், 40,000 பவுண்டு வழக்கை முடித்து வைத்தார். இடையில் ஓடியிருந்தது இரண்டு, மூன்று வருஷம்தான்.

தலைப்பாகையைக் கையில் பிடித்து வந்த தமிழர்

ஊருக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில், இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்க நேட்டால் அரசு மசோதா கொண்டு வந்தது. வழியனுப்பு விருந்துக்கு வந்தவர்கள் அவரை இருக்கச் சொன்னார்கள். தங்கிவிட்டார். தனக்கு வந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தார்: மனு எழுதுவது. இரண்டு வாரத்தில் 10,000 கையெழுத்துகளோடு ஒரு மனு லண்டனுக்குப் போனது. விவரம் புரியாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். அந்த மசோதாவுக்கு லண்டன் ஒப்புதல் தரவில்லை. ஆனால் 1896-ல் நேட்டால் அரசு வேறு வார்த்தைகளில் அதே சட்டத்தைக் கொண்டு வந்துவிட்டது. உழைத்தால் எல்லாம் ஜெயிக்கும் என்று இந்தக் கதை சொல்லவில்லை.

1894-ல் நேட்டால் இந்திய காங்கிரஸ் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவும் பதிவு செய்தார். உள்ளூர் வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தும், நீதிமன்றம் அனுமதித்தது.

சில மாதங்களில் அவர் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். கிழிந்த உடை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். பெயர் பாலசுந்தரம். தமிழர், ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்திருந்தார். அலுவலகத்தில் இருந்த தமிழ் குமாஸ்தா மூலம் காந்தி விவரம் கேட்டார். வெள்ளைக்காரர்கள் முன்னால் தலைப்பாகையைக் கழற்றிப் பழகியவர், இங்கேயும் அப்படியே நின்றார். காந்தி அதை மறுபடி கட்டிக்கொள்ளச் சொன்னார். டாக்டர் சான்றிதழ் வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போய், கடைசியில் வேறு முதலாளியிடம் மாற்ற ஏற்பாடு செய்தார். செய்தி பரவியது. கூலித் தொழிலாளர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அந்தச் செய்தி சென்னை வரைக்கும் போனது.

நடுக்கம் மறுபடியும் வந்தது

இத்தோடு பயம் போய்விட்டது என்று முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் நடந்தது அப்படியில்லை.

1896-ல் இந்தியா வந்தார். தென்னாப்பிரிக்க இந்தியர்களின் நிலைமை பற்றி ராஜ்கோட்டில் ஒரு சிறு நூல் எழுதி 10,000 பிரதி அச்சடித்தார். பச்சை அட்டை என்பதால் பச்சைப் பிரசுரம் என்றே பெயர் வந்துவிட்டது. செப்டம்பரில் பம்பாயில் பெரிய கூட்டம். பெரோஸ்ஷா மேத்தா ஏற்பாடு. பேச்சை முன்கூட்டியே எழுதி அச்சடித்துக்கொள்ளும்படி மேத்தா சொல்லியிருந்தார். நல்லவேளை. காந்தி வாசிக்கத் தொடங்கியதும் உடம்பு நடுங்கியது. இன்னும் சத்தமாக என்று மேத்தா ஊக்கப்படுத்தினார். குரல் இன்னும் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் அந்தப் பேச்சை முடித்துக் கொடுத்தவர் தின்ஷா வாச்சா. அரங்கம் கைதட்டியது. முதல் கேஸ் நடந்த அதே ஊர், அதே நடுக்கம்.

ஆனால் இந்த முறை அவர் ஓடிப்போகவில்லை. அடுத்த மாதம், அக்டோபர் 26-ஆம் தேதி, சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் கூட்டம். பாலசுந்தரம் விஷயத்தால் சென்னைக்காரர்கள் ஏற்கெனவே உணர்ச்சியோடு இருந்தார்கள். அவர் வழக்கத்துக்குக் கொஞ்சம் நீளமான பேச்சு, எழுதி அச்சடித்ததுதான். கூட்டம் ஒவ்வொரு வார்த்தையையும் கவனித்துக் கேட்டது. பச்சைப் பிரசுரத்தைச் சென்னையிலேயே இன்னொரு 10,000 பிரதி அச்சடித்தார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1906 செப்டம்பர் 11-ஆம் தேதி, ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டர். சுமார் 3,000 பேர். இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் கூட்டம். சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று கடவுள் பெயரால் உறுதி எடுக்க வேண்டும் என்று ஒருவர் திடீரென்று சொன்னார். காந்தி எழுந்தார். அப்படி உறுதி எடுத்தால் என்னவாகும் என்று நிதானமாக விளக்கினார். ஜெயில், அடி, சொத்து இழப்பு, நாடு கடத்தல் எல்லாம் வரலாம். மற்றவர்கள் விலகினாலும் தனியாக நிற்கத் தயாராக இருப்பவர்கள் மட்டும் உறுதி எடுங்கள் என்றார். கூட்டம் எழுந்து நின்று உறுதி எடுத்தது. சத்தியாக்கிரகம் அங்கேதான் தொடங்கியது.

கடைசிவரை அவர் அனல் பறக்கப் பேசும் பேச்சாளர் ஆகவில்லை. மெல்லிய குரல், குறைந்த வார்த்தைகள். கூச்சம்தான் தனக்குச் சொற்களை அளந்து பேசக் கற்றுக்கொடுத்தது என்று பின்னாளில் நன்றியோடு எழுதினார்.

உங்களுக்கு இதில் என்ன?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். காந்தி வெறும் உழைப்பால் மட்டும் மேலே வரவில்லை. திவான் குடும்பம், பணம் புரட்டிக் கொடுத்த அண்ணன், வருஷக்கணக்கில் பிரிவைத் தாங்கிய கஸ்தூர்பா, பாரிஸ்டர் பட்டம் எல்லாம் பின்னால் இருந்தன. தோற்றாலும் திரும்பிப் போக ராஜ்கோட்டில் ஒரு வீடு இருந்தது. அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பாலசுந்தரத்துக்கு வாய்க்கவில்லை.

ஆனால் அதே குடும்பமும் அதே பட்டமும் பம்பாயில் இருந்தபோதும் அவருக்கு இருந்தன. அங்கே அவை உதவவில்லை. டர்பனில் அவர் புதிதாகச் செய்தது இரண்டு. எடுத்த வேலையை அடிமட்டம் வரை படித்தார். அந்த வேலை யாருக்காக என்பதைத் தெரிந்துகொண்டார். தன்னைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தபோதெல்லாம் நாக்கு ஒட்டிக்கொண்டது. உடைந்த பல்லோடு ஒருவர் எதிரில் நின்றபோது அதற்கெல்லாம் நேரமில்லை.

அதனால் அடுத்த மீட்டிங்குக்கு முன்னால் பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது போகாமலும் இருக்கலாம். காந்திக்கே பல வருஷம் போகவில்லை. உங்கள் வேலையில் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிற, உங்களுக்கு மட்டும் புரியாத ஒரு சொல் இருக்கும். உங்கள் புரோநோட்டு அது. இன்றைக்குப் பக்கத்து சீட்டுக்காரரிடம் அதைக் கேட்டுவிடுங்கள். மீதியை ராத்திரி உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.